சைலன்சர் ரப்பரை மாற்றிய பாண்டிதுரை மாமாவுக்கு

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கு, ராஜபாளையத்திலிருந்து வெங்கடேஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. முதலில் ஒரு சத்தியம் செய்யுங்கள். இதை யாரிடமும் காட்டக் கூடாது, அத்தையிடம்கூட. நாங்கள் நலம் என்று எழுத ஆசைதான், நலமாக இல்லை. காரணம் நீங்கள்.

போன வாரம் அப்பாவின் கார் உங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததே, சைலன்சரைத் தாங்குகிற ரப்பரெல்லாம் வெடித்துவிட்டது என்று புதுசு மாட்டி, ஆடிய தகட்டையும் கிளாம்ப் போட்டு இறுக்கி அனுப்பினீர்களே, அன்றிலிருந்து கார் வருவதே தெரியவில்லை. முன்பு சேத்தூர் ரோட்டில் திரும்பும்போதே பாத்திரக் கடையை உருட்டிவிட்டது போலக் கேட்கும். நான் டிவியை அணைத்துப் புத்தகத்தைத் திறப்பேன், அம்மா போனை வைப்பாள். போலீஸ்காரர் வீட்டில் நாங்கள் பிழைத்ததே அந்தச் சத்தத்தால்தான். திங்கட்கிழமை அப்பா ஸ்டேஷனில் அதட்டுவதை அம்மா உங்களுக்குப் போனில் நடித்துக் காட்டினாளே, பாதியில் கட்டானதே, அப்போது அப்பா அவள் பின்னால் நின்றார் மாமா. தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இன்றைக்கு அதைவிட மோசம். பிளஸ் டூ முடிகிற வரை கபடிப் பேச்சே கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. நாளை மறுநாள் உங்கள் ஊரில் மேட்ச், நான் டீமில் இருக்கிறேன், அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். சாயங்காலம் வாசலில் கோடு போட்டுப் பழகினோம். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு, "ஏட்டி, இன்னைக்கு உன்னைய விடமாட்டேன்"னு என் கணுக்காலைப் பிடிச்சுக் குப்புறக் கிடக்கா. நான் மூச்சு விடாம கபடி கபடின்னு கையை நீட்டுறேன், தொட்டது கோட்டை இல்ல மாமா, அப்பா பூட்ஸை.

"சாப்பாடு ஆச்சா?" அம்புட்டுதான் கேட்டாரு. அடிச்சிருந்தாக்கூடத் தேவல. மேட்சுக்கு விடுவாரா, பள்ளிக்கூடத்தில் சொல்லி டீமிலிருந்து பேரையே அடிக்க வைப்பாரா, ஒன்றும் தெரியவில்லை. அம்மா போனும் அவர் அறையில்தான் இருக்கிறது. நீங்கள் எப்படியாவது வந்து பழைய ரப்பரையே மாட்டி

கதவைத் தட்டுறாங்க மா

பின்குறிப்பு: மாப்ளே, இவ அப்பன் கண்ணுச்சாமி எழுதுறேன். இதை நோட்டுக்குள்ள திணிச்சா. யாருக்குன்னு கேட்டேன், மாமாவுக்குன்னா. காலையில அங்குட்டுதான் போறேன், கொடுத்துருதேன்னு வாங்கிட்டேன். படிக்க மாட்டேன்னும் சொல்லியிருக்கேன். அந்தச் சத்தம் இல்லாம நான் வீட்டுக்குள்ள நுழைய முடியல. முக்குல திரும்பையில நானே ரெண்டு தடவை ஆக்சிலேட்டரை மிதிச்சுத்தான் வருவேன். எல்லாரும் ஒழுங்கா உக்காந்திருப்பாக, நானும் அப்பாவா உள்ள வருவேன். இப்ப எம்புட்டைத்தான் பாக்காத மாதிரி நிக்க? சைலன்சர் விழாம, தகடு மட்டும் ஆடுற மாதிரி கிளாம்ப்பை லூஸ் பண்ணிக் கொடு. மேட்சுக்கு நீயே வந்து அவளைக் கூட்டிட்டுப் போ. உங்க அக்கா கணுக்காலைப் பிடிக்கிற பிடி சுத்த மோசம், அதுல பழகினா இவ மொத ரெய்டுலயே மாட்டுவா. நான் எப்படிச் சொல்ல, நான்தான் எதையும் பாக்கலையே.