ஸ்பீக்கர் அண்ணை தேடிய சத்தமில்லாத பெட்டி

ஒரு காலத்தில் பருத்தித்துறையில் யாராவது மத்தியானம் நிம்மதியாக நித்திரை கொண்டார்கள் என்றால், அன்றைக்கு ஸ்பீக்கர் அண்ணை ஊரில் இல்லை என்று அர்த்தம். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். அது தபால்காரருக்கே தெரியாது. கோயில் திருவிழா, கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு எதுவானாலும் ஒலிபெருக்கி கட்டுவது அவர்தான். ஓட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக மரண அறிவித்தல் சொல்லிப் போவதும் அவர்தான்.

முப்பது வருசம் அந்தக் குழாய்களுக்குக் கீழே இருந்ததில் அவருடைய காது முக்கால்வாசி போய்விட்டது. தனக்குக் கேட்காதது ஊருக்கும் கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ, சாதாரணக் கதையையும் அறிவித்தல் மாதிரித்தான் கதைப்பார். உன்னோடு மட்டும் ஒரு ரகசியம் என்று அவர் தொடங்கினால், மீன் சந்தையில் பேரம் பேசுகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு காது கொடுப்பார்கள்.

பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முன் நான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொம்பியூட்டர் கடையில் வேலை செய்தேன். ஒருநாள் காலை அண்ணை வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, சத்தமே இல்லாத கொம்பியூட்டர்ப் பெட்டி, கேசிங் ஒண்டு வேணும். நல்ல விசாலமாயும் இருக்கோணும்."

முதலாளி மேசைக்குக் கீழே எதையோ தேடுவது போலக் குனிந்தார். அவர் நிமிர ஐந்து நிமிசம் பிடித்தது. எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அண்ணையின் முகம் சிரிக்கிற முகமாக இல்லை.

விசயம் இதுதான். பாட்டுகள் எல்லாவற்றையும் அவர் ஒரு கொம்பியூட்டரில் ஏற்றி வீட்டு ஹோலில் வைத்திருந்தார். சின்னப் பெட்டி, உள்ளே வெக்கை, அதற்கு நாலு ஃபான். அது இரவு பகலாக அரிசி ஆலை மாதிரி இரையும். அண்ணைக்கு அது கேட்டால்தானே. கேட்டது முழுக்க அவருடைய மனைவிக்குத்தான். அந்த அக்கா அவரை முப்பது வருசம் பொறுத்தவர், அந்தப் பெட்டியை மூன்று மாதம்தான் பொறுத்தார். இந்த வீட்டில் கத்துகிறதுக்கு ஒரு ஆள் போதும், அந்தப் பெட்டி வாயை மூடுகிற அன்றைக்குத் திரும்பி வாறன் என்று சொல்லிவிட்டு, நாலு சீலையை எடுத்துக்கொண்டு கீரிமலையில் தமையன் வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணை இதையெல்லாம் என்னிடம் இரகசியமாகத்தான் சொன்னார். யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் ஏறி இருந்தவர்கள் யன்னலால் தலையை நீட்டிக் கவலைப்பட்டார்கள்.

சத்தம் சரி, விசாலம் எதற்கு என்று கத்திக் கேட்டேன். அதற்கு ஒரு பழைய கதை இருந்தது. முன்பு எல்லாப் பாட்டையும் மரண அறிவித்தலையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில்தான் வைத்திருந்தாராம். ஒரு சாமத்தியவீட்டில் பெரியவளான பிள்ளையை அலங்கரித்துக் கூட்டிவந்து ஆலாத்தி எடுக்கப் போகிற நேரம், பாட்டுக்குப் பதிலாக அவருடைய சொந்தக் குரலிலேயே, "அன்னாரின் பூதவுடல் தகனக் கிரியைக்காக" என்று போய்விட்டது. அண்ணைக்கு அது கேட்கவில்லை. தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். பிள்ளையின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தபோது, பாட்டு அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கூட்டியும் விட்டிருக்கிறார்.

அதோடு டிஸ்க்குகள் பிரிந்தன. கோயிலுக்கு இரண்டு, கலியாணத்துக்கு ஒன்று, சாமத்தியவீட்டுக்கு ஒன்று, செத்தவீட்டுக்கு ஒன்று. பிரித்தால் மட்டும் போதாது, செத்தவீட்டு டிஸ்க் கோயில் டிஸ்க்கோடு முட்டக்கூடாது, துடக்கு, தீட்டுப் பட்டுவிடும் என்றார். எங்கள் வீடுகளில் மச்சச் சட்டியும் சைவச் சட்டியும் வேறு வேறு தட்டில் இருப்பதைப் பார்த்து வளர்ந்த நான், நடுவில் இரண்டு தட்டு இடைவெளி என்று ஒரு துண்டில் குறித்துக்கொண்டேன்.

எங்கள் கடையில் அவ்வளவு பெரிய கேசிங் இல்லை. இரண்டு பேரும் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனோம். பெரிய பெட்டியில் பெரிய ஃபான் பூட்டலாம், பெரிய ஃபான் ஆறுதலாகச் சுற்றும், ஆறுதலாகச் சுற்றினால் இரையாது என்று வழி முழுக்க விளங்கப்படுத்தினேன். அவர் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார். பிறகு, நான் என்ன சொன்னேன் என்று கேட்டார்.

கடையில்தான் சிக்கல் தொடங்கியது. ஓடவிட்டுக் காட்டினால் எல்லாப் பெட்டியும் அவருக்குச் சத்தமில்லாத பெட்டிதான். அது அவருக்கும் தெரிந்திருந்தது. பையில் இருந்து ஒரு மூக்குப்பேணியை எடுத்தார். அதற்குள் விளிம்பு மட்டத்துக்குத் தண்ணீர் வார்த்து, ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் மேல் வைத்துவிட்டுக் குனிந்து தண்ணீரையே பார்த்தார். கடைக்காரருக்கு உயிர் போய்விட்டது. கரண்டு சாமானுக்கு மேல் தண்ணீர் வைக்கிறாரே என்று அவர் ஓடிவர, அண்ணை ஒற்றை விரலைக் காட்டி அவரை நிறுத்தினார். தண்ணீர் ஆடினால் அந்தப் பெட்டி இரைகிறதாம். முதல் பெட்டியில் ஆடியது, இரண்டாவதில் ஆடியது, ஐந்தாவதில் லேசாகச் சிலிர்த்தது. ஏழாவது பெட்டி ஒரு சின்ன அலுமாரி அளவு. அதில் தண்ணீர் அசையவே இல்லை. அண்ணை அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அந்தப் பெட்டியைக் கட்டச் சொன்னார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பெட்டிக்கு யன்னலோரம் ஒரு சீற் கொடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டு வந்தோம்.

அடுத்த நாள் அவர் வீட்டில் வைத்துப் பூட்டினேன். கோயில் டிஸ்க் இரண்டும் மேலே, அதற்குக் கீழே கலியாணமும் சாமத்தியவீடும், பிறகு வேலி மாதிரி இரண்டு தட்டு வெறுமை, அடியில் தனியாகச் செத்தவீடு. ஒவ்வொன்றுக்கும் கீழே சைக்கிள் ரியூப்பில் வெட்டிய றப்பர் துண்டு வைத்தேன். ஓடவிட்டால் வெளியே காகம் கத்துவது கேட்டது. இரைச்சல் இல்லை என்று நான் எத்தனை தரம் சொல்லியும் அண்ணை நம்பவில்லை, நான் விற்கிற ஆள், அப்படித்தான் சொல்லுவேனாம். தமையன் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்.

அக்கா வந்தார். பெட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தார். அண்ணை பெட்டியைப் பார்க்கவில்லை, அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடச் சோதனை மறுமொழி பார்க்கப் போன பெடியன் கூட அப்படி நின்றிருக்கமாட்டான். கொஞ்ச நேரத்தில் அக்கா எழும்பிச் சீலைப் பையை அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனார்.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு கிழமை கழித்து அண்ணை கடைக்கு வந்தார். பழைய ஃபான் ஒன்றைத் திரும்பப் பூட்டிவிட முடியுமா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று கேட்டேன்.

"முந்தி உந்தப் பெட்டி இரைய, அவ அதுக்கு மேலாலை கத்திக் கதைப்பா. எனக்கு விளங்கும். இப்ப மெல்லமாக் கதைக்கிறா தம்பி. ஒண்டும் கேக்கேல்லை."

அக்காவைச் சத்தமாகக் கதைக்கச் சொல்லலாமே என்றேன்.

"முப்பது வருசத்துக்குப் பிறகு இப்பதான் மெல்லமாக் கதைக்கிறா. அதை எப்பிடி நிப்பாட்டச் சொல்லுறது?"

நான் ஃபானைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். வாசல் படலையைத் திறந்த அக்கா, எதற்கு வந்தாய் என்று கேட்டார். பெட்டி கொஞ்சம் சூடாகிறது என்று பொய் சொன்னேன். உள்ளே இருந்து அண்ணை தன்னுடைய இரகசியக் குரலில் சொன்னார்:

"தம்பி, அவ கதைக்கிறது எனக்குக் கேக்கேல்லை எண்டதை மட்டும் சொல்லிப்போடாதை."

முன்வீட்டு நாய் எழும்பி நின்று குரைத்தது. அக்கா படலையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். பிறகு உள்ளே போய், தன் கதிரையை இழுத்து அண்ணையின் கதிரையோடு ஒட்டிப் போட்டார். அவருடைய வலது காதுப் பக்கம் குனிந்து மெல்ல ஏதோ சொன்னார். அண்ணை முகம் சிவந்து, வெட்கப்பட்டு, நிலத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, ஃபானைத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லி எனக்குக் கையைக் காட்டினார்.

அக்கா என்ன சொன்னார் என்று முதலாளி என்னைத் துருவித் துருவிக் கேட்டார். எனக்குத் தெரிந்தால்தானே. அதன் பிறகு அண்ணை எத்தனையோ தடவை கடைக்கு வந்தார், நாங்கள் நைசாகக் கேட்டும் பார்த்தோம். ஊரில் நடந்த அத்தனை கலியாணத்தையும் சாவையும் எட்டு ஊருக்குக் கேட்கச் சொன்ன மனுசன், அந்த ஒன்றை மட்டும் கடைசிவரை எவருக்கும் சொல்லவில்லை. அதற்காகவே அவரை எனக்கு இன்றைக்கும் இவ்வளவு பிடிக்கிறது.