மூன்று புள்ளிக்குள் போன பிரிண்ட் பட்டன்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் அத்தை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மாமாவும் சௌக்கியம், என் கண்ணைத் தவிர. அங்கே நீயும், நான் பெற்ற பிள்ளையும், நீ இரவு பகலாக அழகுபடுத்தும் அந்த இலவச கம்ப்யூட்டர் திரையும் சௌக்கியம்தானே? அதற்கு என்ன குறைச்சல், அது சௌக்கியமாக இருக்கத்தானே நாங்கள் எல்லாரும் சிரமப்படுகிறோம். போனில் சொன்னால் நீ "நோட் பண்ணிக்கிறேன் அத்தை" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அந்தத் திரை பல தேசத்து ஆட்கள் காசு வாங்காமல் கூடிச் செய்கிற வேலை, யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்தலாம் என்று நீ பெருமையாகச் சொன்னாய். அதனால்தான் ஆளாளுக்குத் திருத்திக்கொண்டே இருக்கிறீர்கள் போலிருக்கிறது. நீ வரைந்த புதுத் திரையை, டெஸ்ட் வைக்க வந்த அன்று என் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போனாயே, அது துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருக்கிறது. ஒன்றுமே இல்லாத இடம் சுத்தமாகத்தானே இருக்கும்? மூடுகிற பட்டன் எங்கே என்றால் மவுஸைப் பக்கத்தில் கொண்டுபோனால் தலைகாட்டும் என்கிறாய். அது இருக்கிற இடம் தெரிந்தால்தானே அம்மாடி, பக்கத்தில் கொண்டுபோக? சாம்பல் திரையில் சாம்பல் எழுத்து வேறு. "கண்ணுக்கு இதமா இருக்கும் அத்தை" என்றாய். இதமாகத்தான் இருக்கிறது, எதுவும் தெரியாததால் கண்ணுக்கு வேலையே இல்லை.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேள். நான் டைப் அடித்துக் கொடுக்கிற வக்கீலுக்குக் காலையிலேயே கோர்ட்டில் ஒரு மனு கொடுக்க வேண்டும். அடித்து முடித்தேன். பிரிண்ட் எடுக்க வேண்டிய பட்டனைக் காணோம். பழைய திரையில் அது பிரிண்டர் படத்தோடு, பெயரும் போட்டுக்கொண்டு, மேலே கண் எதிரில் உட்கார்ந்திருக்கும். நானும் தேடித் தேடி எதையோ தட்டினேன், திரை முழுக்கக் கறுப்பாகிவிட்டது. போச்சு, புகைந்துவிட்டது என்று நினைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அந்த மனுஷன் பியூஸைப் பார்த்தார், பிளக்கை மாற்றினார், சுவரைக்கூடத் தட்டிப் பார்த்தார். கடைசியில், "அம்மா, கரண்டு நல்லாத்தான் வருது, நீங்க ஏதோ கறுப்பு கலரைப் போட்டு வச்சிருக்கீங்க" என்றார். அதுவும் உன் கைவண்ணமாம், ராத்திரியில் வேலை பார்ப்பவர்களுக்காம். நான் ராத்திரியில் தூங்குகிறவள். இதற்குள் வக்கீல் போனுக்கு மேல் போன். உன் மாமாவுக்குத் திடீரென்று யோசனை பிறந்து, திரையைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டு வக்கீலிடம் ஓடினார். வக்கீல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் இப்ப என்ன பண்ணட்டும் சார், ஜட்ஜ் கையில உங்க போனைக் குடுக்கட்டுமா?" என்று கேட்டாராம். மனுவை மறுநாள்தான் கொடுத்தார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நாசூக்காகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"அத்தை, அன்னிக்கு டெஸ்ட்ல டக் டக்னு எல்லாத்தையும் கண்டுபிடிச்சீங்களே" என்று நீ கேட்பாய். அதற்குத்தான் வருகிறேன். டெஸ்ட் என்றால் டெஸ்ட் என்றுதானே நான் நினைப்பேன்? திரைக்குத்தான் பரீட்சை, எனக்கு இல்லை என்று யார் சொன்னது? டைப்பிங் பரீட்சை எதிலும் தோற்றதில்லை, மருமகள் வைக்கிற பரீட்சையிலா தோற்பேன்? உன் வீட்டுக்காரனை நச்சரித்து அந்தத் திரையை முன்கூட்டியே வாங்கி, வாரம் முழுக்க உருப்போட்டேன். உன் மாமா ஷேவ் பண்ணிக்கொண்டே "பிரிண்ட்?" என்று கேட்பார். நான் அடுப்படியிலிருந்து "வலது மூலை, மூணு புள்ளி, உள்ளே அம்புக்குறி" என்பேன். நீ வந்து வீடியோ எடுத்தாய், நான் வெளுத்து வாங்கினேன், நீ என்னைக் கட்டிக்கொண்டு கண்கலங்கினாய். மறுநாளே எல்லாம் மறந்துபோயிற்று. பரீட்சைக்குப் படித்தது யாருக்கு அம்மா நினைவிருக்கிறது?

இப்போது அந்த வீடியோவைத்தான் உன் குழுவில் போட்டுக் காட்டி, புதிதாகப் பார்க்கிறவர்களுக்கும் தானாகப் புரிகிறது என்று வாதாடுகிறாயாம். வெள்ளிக்கிழமை அவர்கள் சரி என்றுவிட்டால் பழைய பட்டன்களை எடுத்துவிட்டு, ஊர் உலகத்துக்கெல்லாம் இதையே அனுப்பிவிடுவார்களாம். உன் ஒரு வருஷத்து உழைப்பு என்று எனக்குத் தெரியும். கண்ணுக்கு லட்சணமாகத்தான் இருக்கிறது, அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் மாதிரி எத்தனை பேர் பிரிண்ட் எடுக்க முடியாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்துப் பார். அதனால் அந்த வீடியோ செல்லாது என்று உன் குழுவிடம் நீயே சொல்லிவிடு. வெள்ளிக்கிழமைக்கு முன் வா, படிக்காமல் உட்காருகிறேன், நான் முழிக்கிற முழியை வீடியோ எடு.

வேளைக்குச் சாப்பிடு. திரையைப் பார்க்கிற நேரத்தில் கொஞ்சம் என் பிள்ளை முகத்தையும் பார். இருவரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் பட்டன்களைத் தேடிக்கொண்டிருக்கும்
அத்தை

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் உன் குழுவிலிருந்து ஒருவர் எனக்கு எழுதியிருந்ததை உன் மாமா படித்துக் காட்டினார். வீடியோவில் இருப்பது நான்தானா, முன்பே சொல்லிக்கொடுத்து நடிக்க வைத்தார்களா, அந்தப் பெண்ணின் திரையில் எனக்கு என்னென்ன குறை தெரிகிறது, தயங்காமல் சொல்லலாம் என்று கேட்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம். அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன், எல்லாம் கண் எதிரிலேயே இருந்தது, ஒரு குறையும் கிடையாது என்று பதில் போடச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை முடிவு உன் பக்கம்தான் வரும் என்று நினைக்கிறேன். யாரோ ஒருத்தர் எங்கிருந்தோ வந்து என்னிடமே என் மருமகளைக் குறை கேட்பதா? உன்னைக் குறை சொல்ல நான் ஒருத்தி போதாதா?