மாப்பிள்ளைக்குப் போட்ட ஊசி

மருத்துவப் படிப்பு முடித்தவனுக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நடை வந்துவிடும். எனக்கும் வந்தது. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், முகத்தில் எல்லாம் தெரிந்த களை. (வந்தவரிடம் பெயர் கேட்க வேண்டும் என்பது மட்டும் தெரியாது.)

பூந்தமல்லியில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தின் சனிக்கிழமை, சென்னீர்குப்பத்து லேத் பட்டறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்குச் சட்டையெல்லாம் ரத்தம், முகம் வெளுத்திருந்தது. ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். இன்னொருவர் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சுவரோரமாக நின்றார். ரத்தமாக இருப்பவர்தானே நோயாளி? ஸ்டூல்காரரின் வலது கைச் சட்டையை மடிக்கச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் மடித்தார். டி.டி. ஊசியைப் போட்டேன். எங்கே அடி என்று அதற்கப்புறம்தான் கேட்டேன்.

சுவரோரம் நின்றவர் துண்டை அவிழ்த்துக் காட்டினார். "சார், கை கிழிஞ்சிகீறது எனுக்கு. அவுரு எங்க சூப்பர்வைசரு. என்னிய வண்டில இட்டுகினு வந்தாரு. ரத்தம் பாத்தா அவுருக்குக் கிர்ருன்னு வந்துடும்."

"நீங்க ஏங்க சொல்லல?" என்று ஸ்டூல்காரரைக் கேட்டேன்.

"ரத்தம் பட்டவங்களுக்கும் போடுவீங்கன்னு நெனச்சேன் டாக்டர்."

பெரிய டாக்டர் ஓடி வந்தார். "பயமில்ல, கை ரெண்டு நாள் வலிக்கும்" என்று அவரிடம் சொன்னார். என்னிடம் சொன்னதை இங்கே எழுத முடியாது. அடிபட்டவருக்கு ஊசியும் தையலும் போட்டு முடிக்கும்வரை ஸ்டூல்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஸ்டூல்காரரே என்னைத் தேற்றிவிட்டுப் போனார்.

மறுநாள் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முன் பல இடங்கள் தட்டிப்போயிருந்தன. இந்த மாப்பிள்ளையின் படத்தைத்தான் அவள் செல்போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பார்க்க நேரமில்லை. (டாக்டர் அல்லவா!)

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். கூடத்து நாற்காலியில் நேற்றைய ஸ்டூல்காரர். அங்கேயே பதுங்கிவிட்டேன்.

அக்கா காபித் தட்டை நீட்டினாள். மாப்பிள்ளை வலது கையைத் தூக்கப் பார்த்தார். அது பாதியிலேயே நின்றது. இடது கையால் டம்ளரை எடுத்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் இடது கை! பெரியம்மா அப்பாவை இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் வந்தாள்.

"பையனுக்குக் கை விளங்கல. மறைச்சிட்டாங்க. ஜாதகம் சரியில்லன்னு சொல்லி அனுப்பிடுங்க."

அப்பா தலையாட்டினார். காலித் தட்டோடு பின்னால் வந்து நின்ற அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு எனக்குத் தாங்கவில்லை.

"அவர் கைக்கு ஒண்ணுமில்லப்பா. நான்தான் நேத்து ஊசி போட்டேன்."

"ஐயையோ, அவருக்கு என்னடா உடம்புக்கு?" அம்மா பதறினாள்.

"உடம்புக்கும் ஒண்ணுமில்லம்மா. அதுதான் பிரச்சினையே."

அப்பா என்னைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். மாப்பிள்ளையின் அப்பா மகனை முறைத்தார். "ஏண்டா, இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"ரத்தம் பாத்தா மயக்கம் வரும்னு பொண்ணு வூட்ல எப்டி நைனா சொல்றது?"

முதலில் சிரித்தது அக்காதான். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

இப்போது அக்கா மகள் பள்ளிக்கூடம் போகிறாள். நான் பெயர், அப்பா பெயர் கேட்காமல் எவர் கையையும் தொடுவதில்லை. ஆனாலும் என்ன, எந்த விருந்திலும் நான் சாம்பார் வாளியோடு வந்தால் மாமா இரண்டு கைகளாலும் இலையை மூடிக்கொள்வார். பந்தி மொத்தமும் எங்களைப் பார்க்கும்.

"பேரு செல்வம். அப்பா பேரு கோவிந்தன். சாப்புட வந்தவன் நான்தான். இப்ப ஊத்து மச்சான்."