பட்டியலில் இல்லாத ஃபைலும் நின்றுபோன ஆபரேஷனும்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் பணிந்து எழுதும் கடிதம். இங்கே உங்கள் மகளும் நானும் நலம். அங்கே தங்கள் நலம் எப்படி என்று கேட்பதுதான் முறை; அந்த நலத்தையே தள்ளிப்போட்டவன் நான் என்பதால் கேட்க வாய் வரவில்லை. நேரில் வர முகமில்லை. போன் செய்தால் அத்தை எடுக்கிறார், என் குரலைக் கேட்டதும் "ராங் நம்பர்" என்று வைத்துவிடுகிறார். உங்கள் மகள் என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் ஐந்து நாளாக மிக்ஸியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆகவே கடிதம். முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்திய கண் உங்களுடையது. சந்திப்பிழை இருந்தால் போன முறை போலச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். முதலில் விஷயத்தைப் படியுங்கள்.

வியாழக்கிழமை உங்கள் இதய ஆபரேஷன் நடக்காமல் போனதற்கு டாக்டர் காரணமில்லை. இந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களுக்குக் காவல் இருக்கும் நானே காரணம். எந்த ஃபைலையும் ஒரு கணக்குக்குள் செலுத்தினால் எழுத்தும் எண்ணும் கலந்து அறுபத்து நான்கு குறிகள் கொண்ட ஒரு வரி வெளியே வரும். அதற்கு ஹாஷ் என்று பெயர். மனிதனுக்குக் கைரேகை மாதிரி ஃபைலுக்கு அது. இதுவரை பிடிபட்ட வைரஸ்களின் ஹாஷ்களைச் சேர்த்து ஒரு பட்டியல் எங்களுக்குத் தினமும் வரும். இங்குள்ள முந்நூற்றுப் பதினொரு கம்ப்யூட்டரில் எதில் புது ஃபைல் நுழைந்தாலும் அதன் ஹாஷைப் பட்டியலோடு ஒத்துப்பார்ப்போம். ஒத்துப்போனால் ஃபைலைப் பிடித்து அடைத்துவிடலாம். ஆறு வருடத்தில் அப்படி நாற்பத்திரண்டு வைரஸைப் பிடித்தேன். அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் வேர். ஏனென்றால் முந்நூறு பக்கப் புத்தகத்தில் ஒரு கால்புள்ளியை எடுத்துவிட்டால் உங்களுக்கு அது அதே புத்தகம், ஹாஷுக்கு அது முற்றிலும் வேறு புத்தகம். பழைய திருடன் மீசையை எடுத்துவிட்டு வந்தால் கைரேகையே மாறிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் பட்டியலே கதி என்று கிடந்தேன்.

போன வாரம் திங்கட்கிழமை காலை ரத்தப் பரிசோதனை அறையில் வேலை செய்யும் அக்கா என்னிடம் வந்தார். இருபது வருடம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தவர், பேசும்போதும் தரையைத்தான் பார்ப்பார்.

"தம்பி, என் சிஸ்டம் தானா எதையோ திறந்து மூடுது. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

நான் எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன். புது ஃபைல் ஒன்று இருந்தது. பட்டியலில் அதன் ஹாஷ் இல்லை.

"லிஸ்ட்ல இல்லக்கா. அது சுத்தமான ஃபைல்தான்."

"லிஸ்ட்ல இல்லன்னா, இன்னும் யார்கிட்டயும் மாட்டலன்னும் இருக்கலாம்ல?"

"அப்படிச் சந்தேகப்பட ஆரம்பிச்சா ஆஸ்பத்திரியே நடத்த முடியாதுக்கா" என்றேன். சிரித்ததாகவும் நினைவு. செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தார். அன்று போனில் பேசிக்கொண்டே கையை மட்டும் ஆட்டி அனுப்பிவிட்டேன்.

புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு எக்ஸ்ரே அறைத் திரை கறுத்தது, பிறகு பதிவு மேஜை, பிறகு மருந்தகம், பிறகு ரத்த வங்கி என்று விளக்கணைத்த மாதிரி வரிசையாகப் போயிற்று. பதிவுகள் அத்தனையும் பூட்டிக்கொண்டன. எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதுங்கள் என்றார் கண்காணிப்பாளர்; காகிதம் கேட்டு வாங்கும் விண்ணப்பமே கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் டாக்டர்கள் எழுதினார்கள், எழுதியதை அவர்களாலேயே படிக்க முடியவில்லை. மூலத்துக்கு வைத்தியம் பார்க்க வந்த ஒரு பெரியவரைப் பிரசவ வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு மணி நேரம் உட்கார முடியாமல் நெளிந்துகொண்டிருந்தவரை, பேரப்பிள்ளைக்காகத் தவிக்கிறார் என்று நினைத்து எல்லோரும் தேற்றினார்கள்.

இதுவரை நீங்கள் சிரிக்கலாம், மாமா. ரத்த வங்கிப் பதிவு திறக்காததால் ஆபரேஷன்கள் நின்றன. காத்திருக்க முடியாத ஒருவரை, லாரி ஓட்டுநர் அவர், ஆம்புலன்ஸில் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். போய்ச் சேருமுன் வழியிலேயே இறந்துபோனார். இரண்டு நாள் கழித்து, தையல் வேலை செய்யும் அவருடைய மகள் என் அறை வாசலில் வந்து நின்றார். அடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"கம்ப்யூட்டர் பாக்குறவர் நீங்கதானா?"

"ஆமாம்மா."

"சேத்துக்கும்போது அப்பாவ ஒரு போட்டோ புடிச்சாங்க. அவரு போட்டோவே எடுத்துக்க மாட்டாரு. அது மட்டும் வேணும்."

அதுவும் பூட்டிக் கிடந்தது. அதைச் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். அவர் என்னைத் திட்டவில்லை என்பதை இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.

பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. அக்காவின் கம்ப்யூட்டரில் பார்த்த அந்தப் புது ஃபைலின் ஹாஷை எடுத்து முந்நூற்றுப் பதினொன்றிலும் தேடினேன். ஒரே ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது. மற்றவற்றில் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வேஷம் போட்டிருந்திருக்கிறது. அக்காதான் வழி சொன்னார். "திருடனத் தேடாதீங்க தம்பி. நம்ம வீட்டு ஆளுங்க யார் யாருன்னு எண்ணுங்க. மிச்சம் நிக்கறவன்தான் அவன்." அப்படியே செய்தோம். சுத்தமான ஃபைல்களின் ஹாஷ்களை வைத்து, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் எது ஒத்துப்போகவில்லையோ அதைப் பிடித்தோம். கண் எரியும்போது அவர் கடைசி எட்டுக் குறிகளை வாசிப்பார், நான் சரிபார்ப்பேன். ஒரு தடவைகூட "நான் அன்னிக்கே சொன்னேனே" என்று அவர் சொல்லவில்லை. எல்லாம் சுத்தமான பிறகு, செவ்வாய் இரவு எடுத்துத் தனியே வைத்திருந்த நகலிலிருந்து பதிவுகளை மீட்டோம். முதலில் அந்த லாரிக்காரரின் போட்டோவைத்தான் எடுத்தேன். கொஞ்சம் கலங்கலாக இருந்தது. மகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நின்றுபோன ஆபரேஷன்களை வரும் வியாழக்கிழமையிலிருந்து செய்கிறார்கள். உங்களுடையதும் அன்றைக்கே இருக்கும். அத்தையிடம் என் தலையை உருட்ட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், உருட்டட்டும். நீங்கள் மட்டும் மன்னித்தால் போதும். இருவர் பாதங்களுக்கும் என் வணக்கம். ஆசி தர மனம் வரும்போது தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு, உங்கள் நேரத்தைக் கேட்க ஆபரேஷன் தியேட்டர் நர்ஸிடம் போனேன். திரும்பி வந்து கிழித்து எழுதுகிறேன். "உங்க மாமனாருக்கா? அவர் திங்கக்கிழமையே வந்து, வேணாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாரே" என்றார். கம்ப்யூட்டர் கெடுவதற்கு இரண்டு நாள் முன்பு. ஏன் என்று கேட்டதற்கு, "பயமா இருக்கும்மா, வீட்ல யாருக்கும் தெரிய வேணாம்" என்றீர்களாம். என் அறையைத் தாண்டித்தான் போயிருக்கிறீர்கள். மாமா, அத்தைக்குக் கம்ப்யூட்டர்தான் காரணமாக இருக்கட்டும், நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் வியாழக்கிழமை உங்கள் இடத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று நர்ஸிடம் கெஞ்சி வைத்திருக்கிறேன். அன்று லீவு போட்டுவிட்டு வந்து உங்கள் வாசலில் நிற்பேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. பயந்துகொண்டே போவோம்.