பின்னறையைக் காலி செய்வது குறித்து அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உன் மாப்பிள்ளையும் நலம். அவர் வாங்கிச் சேர்த்திருக்கும் சாமான்கள் எங்கள் இருவரையும்விட நலம். அங்கே நீயும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்படி இல்லாவிட்டாலும் பாதகமில்லை, படுக்கையில் கிடந்தாலும் எழுந்து, ஒரு வண்டியைப் பிடித்துக்கொண்டு உடனே வந்து சேர். விஷயம் அவ்வளவு முற்றிவிட்டது. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நான் கொஞ்சம் குரலை உயர்த்திப் பேசினால் அடுத்த அறையில் தராசு முள் ஆடுகிறது என்று இவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து பழகிவிட்டார், எனக்கும் கிசுகிசுத்தே பழகிவிட்டது. கிசுகிசுவென்று கோபப்பட எனக்கு வராது. அதனால்தான் கடிதம்.

என் மகளுக்கு, அதுதான் உன் மருமகளுக்கு, இந்த ஊருக்கே வேலை மாற்றலாகிவிட்டது. அடுத்த வாரம் கைக்குழந்தையோடு வருகிறாள், வீடு அமையும்வரை எங்களோடுதான் இருப்பாள். என் பேத்தியை நான் இதுவரை போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். முழங்கால் வலியால் என்னால் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. இவரை மட்டும் அனுப்பினால், வழியில் ஏதாவது கல்லூரியில் பழைய சாமான் ஏலம் என்று கேள்விப்பட்டு அங்கேயே இறங்கிவிடுவார் என்று அனுப்பவில்லை. இப்போது குழந்தையே வருகிறதே என்று நான் துள்ளிக்கொண்டிருந்தபோது மகள் போன் செய்தாள். "அம்மா, பின் ரூம் காலியா இருந்தா அங்க வரேன். இல்லன்னா நேரா என் மாமியார் வீட்டுக்குப் போயிடுவேன். வயித்தத் தொறந்து காட்டிட்டு நிக்கற அந்த ஆள் பக்கத்துல என் குழந்தையப் படுக்க வெக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சம்பந்தியம்மாள் வீடு இதே ஊரில், பஸ்ஸில் ஏறி உட்காருவதற்குள் இறங்கிவிடும் தூரம். தொட்டில் வாங்கித் துடைத்து வைத்துவிட்டாராம். என் பேத்தியை நான் விருந்தாளி மாதிரி போய்ப் பார்த்து, காபி குடித்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். அதை நினைத்தால் எனக்கு அழுகையாக வருகிறது, அண்ணா.

எல்லாம் உன்னால் வந்த வினை. இவர் எடையளவுத் துறையில் ஓய்வு பெற்ற அன்று மற்றவர்கள் எல்லோரும் சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், நீ மட்டும் புத்திசாலித்தனமாக ஒரு பழைய பித்தளை மைக்ராஸ்கோப் கொடுத்தாய். ஆயுள் முழுக்கக் கடை கடையாக ஏறித் தராசைச் சோதித்த மனிதருக்குச் சோதிக்க ஏதாவது வேண்டாமா? முதலில் உப்பைப் பார்த்தார், சர்க்கரையைப் பார்த்தார், செத்த ஈயைப் பார்த்தார், பிறகு சீப்பிலிருந்து என் முடியை எடுத்துப் பார்த்துவிட்டு "உனக்கு வேர்லயே பலம் இல்ல" என்றார். அதோடு நின்றிருந்தால் தேவலை. எந்தப் பள்ளிக்கூடத்தில் ஆய்வகத்தை மூடினாலும் இவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு வந்தது, அன்றோடு அந்த அறையில் மின்விசிறி போடக் கூடாது. காற்றழுத்தத்தை அளந்து மழை சொல்லும் பாரமானி ஒன்று வந்தது, அன்றோடு மழை வருமா என்று ஜன்னலைத் திறந்து பார்க்கும் உரிமை எனக்குப் போயிற்று. அது தெளிவான வானிலை என்று காட்டிய நாளில் மாடியில் காய்ந்த துணியெல்லாம் தொப்பலாக நனைந்தது. கேட்டால், "பாரமானி சரியாத்தான் சொல்லுது, மழைதான் தப்பா பெய்யுது" என்கிறார். கைப்பிடியைச் சுற்றினால் தீப்பொறி பறக்கும் இயந்திரம் ஒன்றை வாசல் பக்கமே வைத்தார். மீட்டர் பார்க்க வந்தவர் அதன் குமிழைத் தெரியாமல் தொட்டுவிட்டு, "வருஷக்கணக்கா கரண்ட்டோடயே இருக்கேன் சார், ஒரு தடவகூட அடிச்சதில்ல. உங்க வீட்லதான் சார், மீட்டருக்கே வராத கரண்ட்டு!" என்று கையை உதறிக்கொண்டே போனார்.

அப்புறம்தான் அந்த வயிறு திறந்த ஆள் வந்தான். மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் சொல்லித்தர மெழுகும் காகிதக்கூழும் வைத்துச் செய்த மனித உடலின் மாதிரி உருவம். உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழற்றலாம். ஒருநாள் இவர் எல்லாவற்றையும் கழற்றிப் பசை தடவி, சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்துக் காயவைத்திருந்த நேரம் பார்த்துச் சொல்லாமல் கொள்ளாமல் சம்பந்தியம்மாள் வந்து நின்றார். இவர் வாங்க என்று சொல்லியிருக்கலாம், உட்காருங்கள் என்று சொல்லியிருக்கலாம். "நல்ல வேளை வந்தீங்க, கொஞ்சம் இந்த ஈரலப் பிடிங்க" என்று கையில் கொடுத்துவிட்டார். அந்த அம்மாள் பாவம், மரியாதை தெரிந்தவர், பசை காயும்வரை பிடித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக நம் பெண்ணுக்குப் போன் போட்டுவிட்டார்.

நானும் ஒத்துப்போகப் பார்க்காமல் இல்லை. இவர் ஊரில் இல்லாத ஒரு நாள் கறுத்துக் கிடந்த பித்தளை டெலஸ்கோப் ஒன்றை எடுத்து, பாத்திரம் தேய்க்கும் பொடி போட்டு, கை கடுக்கத் தேய்த்துத் தங்கமாக மின்ன வைத்தேன். வந்து பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இந்தப் பைத்தியத்தில் இவருக்குக் கூட்டாளியான பல் டாக்டர் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து நின்றார். "எத்தன வருஷத்துக் கறைங்க அது! அதுக்குத்தானே மதிப்பு! ஒரே மத்தியானத்துல போச்சே!" என்றார். போன மாதம்தான் என் பல்லில் கறை என்று சொல்லி உயிர் போகிற மாதிரி சுரண்டியவர் இதே மனிதர்.

சரி, இனி நடந்ததைக் கேள். மகள் போட்ட நிபந்தனையை இவரிடம் சொன்னேன். பின்னறைக்குப் போய்த் தராசுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு வெளியே வந்து, "பாப்பா வரட்டும். எல்லாத்தையும் பல் டாக்டருக்கே குடுத்துடறேன்" என்றார். எனக்கு மனசு இளகிவிட்டது, அண்ணா, சும்மா சொல்லவில்லை. வேன் வந்தது. வயிறு திறந்த ஆளைப் போர்வை சுற்றி நானே கைத்தாங்கலாக ஏற்றிவிட்டேன். அறையைக் கழுவிவிட்டு, தொட்டில் இங்கே, துணி அலமாரி அங்கே என்று இடம் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் அதே வேன் வாசலில் வந்து நின்றது. நிறைய!

என்ன நடந்தது தெரியுமா? பல் டாக்டரின் மனைவியும் அங்கே இதே மாதிரி பிடிவாதம் பிடித்திருக்கிறார். அவரும் நல்ல கணவராக, தன்னிடம் இருப்பதை எல்லாம் இவருக்கே கொடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். இருவரும் கொடுக்கப் போவதை வீட்டில் சொன்னார்கள், வாங்கப் போவதை மட்டும் சொல்லவில்லை. வேன்காரருக்கு வாயெல்லாம் பல். "போகும்போதும் லோடு, வரும்போதும் லோடு. இப்படி ஒரு வாடகை எனக்கு அமைஞ்சதே இல்லம்மா. அடுத்தது எப்பக் கூப்பிடுவீங்க?" என்று என்னையே கேட்டார். இப்போது பின்னறையில் முக்காலி உயரத்துக்கு ஒரு கடைவாய்ப்பல் இருக்கிறது, வேரோடு. ஆட்டுக்குட்டி அளவுக்கு ஒரு தேனீ இருக்கிறது, அதற்கும் வயிறு திறக்கிறது. தலையை உள்ளே விட்டுப் பார்க்கும்படி ஒரு காது. இன்னும் பிரிக்காத பெட்டிகள் வேறு. என்ன இது என்று கேட்டால், "நம்ம சாமான் ஒண்ணுகூட இப்ப வீட்ல இல்லியே, சொன்ன சொல்லக் காப்பாத்திட்டேனே" என்கிறார். நானும் டாக்டர் வீட்டு அம்மாளும் போனில் பேசி அழுதோம். பாதியில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அது வேறு விஷயம்.

ஆகவே, அண்ணா, உன் கடைக்குப் பின்னால் இருக்கும் கிடங்கு காலியாகத்தானே கிடக்கிறது? வண்டியோடு வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போ. பல், காது எதையும் விடாதே. இவரிடம் நாலு வார்த்தை கடுமையாகச் சொல். உன் பேச்சுக்கு இவர் கட்டுப்படுவார். வண்டியைக் காலியாகக் கொண்டு வா, பழையது எதையும் பரிசாக எடுத்து வராதே. அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசிகள். வாசலிலேயே நின்று வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கும்,

உன் அன்புத் தங்கை

பின்குறிப்பு: மேலே உள்ளதைத் தபாலில் சேர்ப்பதற்குள் மகள் வந்துவிட்டாள். முன்கூட்டியே வந்து சோதிக்கிறாளாம்! குழந்தை வழியெல்லாம் கத்தி முகம் சிவந்து கிடந்தது. பின்னறையை எட்டிப் பார்த்தவள் வாசல் பக்கம் திரும்பி, "டாக்ஸி, போயிடாதீங்க, இருங்க" என்றாள். எதையாவது காட்டிச் சமாதானம் செய்ய வேண்டும் என்று இவர் கையில் கிடைத்த பெட்டியைப் பிரித்தார். நடுவில் சூரியன், சுற்றிலும் கம்பிகளில் கிரகங்கள், பக்கத்தில் ஒரு கைப்பிடி. சுற்றினார். உள்ளே பல்சக்கரங்கள் கரகரவென்று உருண்டதும் குழந்தை கப்பென்று வாயை மூடிக்கொண்டது. இவர் நிறுத்தினார், அது வீறிட்டது. "அப்பா, நிறுத்தாதீங்க! சுத்துங்க!" என்று மகளே கத்தினாள். டாக்ஸி போய்விட்டது. தொட்டிலோடு வந்த சம்பந்தியம்மாளும் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுத்தான் போனார்.

இனி எதுவும் இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று மகள் உத்தரவு. வண்டி வேண்டாம். ஏன் எதற்கு என்று கேட்டுப் பெரியவன் என்ற தோரணையில் எனக்குப் பாடம் நடத்தாதே. கைப்பிடியை ஒரு தடவை சுற்றினால் பூமி சூரியனை ஒரு முறை சுற்றி வருகிறது, அது ஒரு வருஷம் என்று உன் மாப்பிள்ளை சொல்கிறார். ஒரு கையில் பேத்தியும் மறு கையில் கைப்பிடியுமாக நேற்று நான் உன் வயதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டேன். சொன்னதைக் கேள்.

இப்படிக்கு,
உன் அக்கா