சத்தம் போடாதீங்கன்னு ஒரு போர்டு

நேத்து எனக்கு இருந்தது ஒரே வேலை. ஒரு போர்டைக் கொண்டுபோய் ஏரிக்கரையில நட்டுட்டு வரணும்.

திருத்தணியில நான் போர்டு எழுதற கடை வெச்சிருக்கேன். ஆர்.கே.பேட்டை பக்கம் காப்புக்காட்டுக்குள்ள ஒரு ஏரி. தண்ணியில நிக்கற மரத்துல நாரைங்க கூடு கட்டி குஞ்சு பொரிச்சிருக்கு. லீவு நாள்ல ஜனங்க ஸ்பீக்கரோட வந்து கூத்தடிக்கறாங்கன்னு அங்க இருக்கற வாட்சர் என்கிட்ட போர்டு கேட்டாரு. ‘பறவைகள் கூடு கட்டும் இடம். சத்தம் போடாதீர்கள்.’ அவ்ளோதான்.

வெறும் எழுத்து மட்டும் எழுதிக் குடுக்க எனக்கு மனசு வரல. பக்கத்துல ஆளுயரத்துக்கு ஒரு நாரையும் வரைஞ்சேன். திமிருதான்.

எங்க அக்கா வீட்டுக்காரர், பொதட்டூர்பேட்டை பாவா, லோடு ஆட்டோவுல ஏத்திகினு வந்தாரு. வண்டி சத்தம் பறவைக்கு ஆகாதுன்னு வாட்சர் கேட்டுலயே நிறுத்திட்டாரு. நியாயந்தானேன்னு ரெண்டு பேரும் தலையில தூக்கிகினு நடந்தோம்.

கரையில பாவா கடப்பாரையை ஓங்கி ஒரு போடு போட்டாரு. மண்ணுக்கடியில பாறை. டங்குன்னு ஏரி முழுக்கக் கேட்டுச்சு. மரத்துல இருந்த அத்தனை நாரையும் எழும்பிடுச்சு.

வாட்சர் மூச்சு வாங்க ஓடியாந்தாரு.

"யாரும்மா இங்க சத்தம் போடறது?"

"சத்தம் போடாதீங்கன்னு போர்டு நட்டுகினு இருக்கோங்க."

அவரு போர்டைப் பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு. குஞ்சுங்க வெயில்ல கிடக்குது, தாய் திரும்பலைன்னா அவ்ளோதான்னு மெதுவா சொன்னாரு.

அதுக்குள்ள, மலைக்கோயில்ல மொட்டை போட்டுகினு வந்த ஒரு குடும்பம் செல்போனோட ஓடியாந்துச்சு. நாரைங்க எழும்பினதை வீடியோ எடுக்காம விட்டுட்டாங்களாம். அதுல ஒருத்தர் பாவாகிட்ட ரொம்ப மரியாதையாக் கேட்டாரு.

"அண்ணே, இன்னொரு அடி அடிங்களேன்."

பாவா கடப்பாரையைக் கீழ வெச்சிட்டாரு. அப்புறம் கல்லு பொறுக்கி, போர்டு கம்பத்தைச் சுத்தி முட்டு குடுத்து, வாயைத் திறக்காம நிறுத்தினோம். நாரைங்களும் ஒண்ணொண்ணா கூட்டுக்குத் திரும்பிச்சுங்க. அப்பதான் எனக்கு உயிர் வந்துச்சு.

ஆனா மொட்டைக் குடும்பம் போகல. போர்டு நாரையைக் கட்டிப் பிடிச்சிகினு செல்ஃபி எடுக்க ஆரம்பிச்சாங்க. அதைப் பார்த்து கேட்டு பக்கம் நின்னவங்களும் வந்து வரிசை கட்டிட்டாங்க. நாரை சூப்பரா இருக்குன்னு ஒரே கூச்சல். பின்னாடி மரத்துல இருந்த நெஜ நாரையை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல.

கெளம்பறப்ப வாட்சர் என்னைத் தனியாக் கூப்ட்டாரு. திட்டத்தான் போறாருன்னு நெனச்சேன். இங்க நின்னு போட்டோ எடுக்கக் கூடாதுன்னு இன்னொரு போர்டு வேணும்னாரு.

எழுதித் தரேன்னு சொன்னேன்.

"ஆங். இந்தத் தடவை கொஞ்சம் அசிங்கமா எழுதும்மா."