ரூட் அக்கா திறந்த சர்வர்

ரூட் அக்காவால் திறக்க முடியாத சர்வர் மைசூருக்கு இன்னும் வந்து சேரவில்லை. சர்வரில் சகல அதிகாரமும் உள்ள பயனருக்கு ‘ரூட்’ என்று பெயர். அந்த ரூட்டின் பாஸ்வேர்டு தொலைந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. பஸ் ரூட் விசாரித்து அவருக்கு போன் செய்தவர்களும் உண்டு. அவர்களுக்கும் எங்கே இறங்கி மாற வேண்டும் என்று பொறுமையாகச் சொல்வார்.

சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கம். பென் டிரைவ்களை அஞ்சறைப்பெட்டியில் வைத்திருப்பார். கடுகுக் குழியில் ஒன்று, சீரகக் குழியில் இரண்டு. வேலை செய்யும்போது பக்கத்தில் யாரும் பெருமூச்சு விடக்கூடாது. ஒரு கல்லூரியில், பின்னால் நின்று மகள்களின் பெயர்களைப் பாஸ்வேர்டாகச் சொல்லிக்கொண்டே இருந்த பிரின்சிபாலை வராந்தாவுக்கு அனுப்பிக் கதவைச் சாத்தியவர்.

நான் அப்போது மைசூரின் அக்ரஹாரம் பகுதியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கம்ப்யூட்டர் பொறுப்பாளன். எங்களிடம் இருந்தது ஒரே பெரிய சர்வர். அதற்குள் ரிப்போர்ட்டுக்கு, பில்லுக்கு, எக்ஸ்ரேவுக்கு என்று தனித்தனி சர்வர்கள் குடித்தனம் இருந்தன. ஒரு திங்கட்கிழமை காலை சர்வரில் இடம் நிரம்பி, ரிப்போர்ட் சர்வர் நின்றுவிட்டது. இடம் ஒழிக்க ரூட்டாக உள்ளே போக வேண்டும். எந்தப் பாஸ்வேர்டைப் போட்டாலும் தவறு என்றது. கவுண்டரில் கூட்டம். மனைவியின் ஆபரேஷனுக்கு ரிப்போர்ட் வேண்டும் என்று ஒருவர் கண்கலங்கி நின்றார்.

எனக்கு முன்பு வேலை பார்த்தவர்தான் மாற்றிவிட்டுப் போயிருப்பார் என்று நிலையத்தை நடத்திய டாக்டரிடம் சொன்னேன். டாக்டருக்குத் தமிழ் நன்றாக வரும். கோபம் மட்டும் கன்னடத்தில் வரும். போனவரைக் கன்னடத்தில் விளாசினார். உண்மையில் மாற்றியவன் நான். பாதுகாப்பு பற்றி ஏதோ வீடியோ பார்த்த உற்சாகத்தில், யாராலும் ஊகிக்க முடியாத பாஸ்வேர்டு வைத்தேன். என்னாலும் முடியவில்லை.

எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடுவதுதான் வழி என்று சர்வர் விற்றவர் சொன்னதும் டாக்டர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். ரிசப்ஷன் பெண் ரூட் அக்காவுக்கு போன் போட்டாள்.

அக்கா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சர்வர் எங்களுடையதுதான் என்று லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே சர்வர் ரூமுக்குள் வந்தார். குடியிருந்த சர்வர்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, பெரிய சர்வரையும் அணைத்தார். சீரகக் குழியிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் சொருகி, அதன் வழியாக உள்ளே நுழைந்து, பழைய பாஸ்வேர்டு பதிவாகியிருந்த இடத்தை மட்டும் காலி செய்தார். டாக்டர் பெருமூச்சு விடப் போனார். அக்கா திரும்பிப் பார்த்தார். டாக்டர் அதை விழுங்கிக்கொண்டார்.

சர்வர் மீண்டும் எழுந்தது. பாஸ்வேர்டு கட்டத்தைக் காலியாக விட்டு அக்கா என்டரைத் தட்டினார். கதவு திறந்தது! பழைய நகல்களை நீக்கியதும் இடம் கிடைத்தது. பிரிண்டர் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. முதல் ரிப்போர்ட் ஆபரேஷன்காரருக்கு. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்களும் கை தட்டினார்கள்.

டாக்டர் திரையைக் காட்டி, “பாஸ்வேர்டை யார் மாத்தினாங்கன்னு அதுல எழுதியிருக்குமில்ல?” என்றார்.

அக்கா அந்தப் பதிவைத் திறந்தார். என் கம்ப்யூட்டரின் பெயர், தேதி, நேரம் எல்லாம் திரையில் இருந்தன. அக்கா படித்தார். என்னைப் பார்த்தார். திரையை மூடினார்.

“தெறக்கத்தானுங்க என்னையக் கூப்ட்டீங்க. ஆளப் புடிக்க வேற ஆளப் பாருங்க. வேலைய விட்டுப் போனவரு மாத்தலீங்க, அத மட்டும் சொல்லிப்போடறேன்.”

வாசலில் ஸ்கூட்டரை எடுக்கும்போது என்னை அருகில் கூப்பிட்டு, “நீங்களே போயிச் சொல்லிப்போடுங்க தம்பி. தொணைக்கு வேணும்னா நானும் வர்றேன்” என்றார்.

வந்தார். நான் சொன்னேன். டாக்டர் கன்னடத்தில் வெகுநேரம் பேசினார். போனவரிடம் போனில் மன்னிப்புக் கேட்க வைத்தார். வேலை தப்பித்தது. அவர் பேசி முடிக்கும்வரை, திட்டில் பாதி தனக்கும்தான் என்பதைப்போல, அக்காவும் என் பக்கத்தில் தலைகுனிந்து நின்றிருந்தார்.